உருமால் என்றால் என்ன?

கார்மென்ட் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனுக்கு நான் இன்சார்ஜ் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் முதலாளி கூப்பிட்டார்.

"கேன்சர் வைத்தியத்துல முடி கொட்டுன பொம்பளைங்களுக்கு உருமால் வேணுமாமுங்க. ஆர்டர் குடுக்கற பையர் அனுப்புன துணி ரெண்டு மீட்டர்தான் இருக்குது. சாயங்காலம் கூரியர்ல போயிரோணும்."

எனக்குத் தாராபுரம். உருமால் என்றால் தலைப்பாகை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குக் கட்டுவது. வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் 'உருமால், துணி முழுவதும்' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, கலர் பார்க்கச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பினால் மேஜை மேல் சின்னச் சின்னச் சதுரங்கள். நான்கு ஓரமும் அழகாக மடித்துத் தைத்திருந்தது. துணி மிச்சமில்லை.

டெய்லர் ஜெசிந்தாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். "உருமால்னா எனக்கு வெளங்கல சார். கட்டிங் சஞ்சய்ட்ட கேட்டேன். பையில வச்சு மூஞ்சி தொடைக்கதுன்னு காட்டுனான். எங்க ஊர்ல அதை லேஞ்சின்னு சொல்லுவோம்."

பீகார்க்காரரான சஞ்சய் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "ருமால்" என்றார். அவர் பேச்சில் அவர் சொன்னது சரிதான். ஒரே சொல் எங்கள் ஊரில் தலைக்கு ஏறியிருக்கிறது, அவர் ஊரில் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்ப என்ன பண்றதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

சதுரங்களைச் சேர்த்துத் தைத்துப் பார்க்கலாம் என்று ஜெசிந்தாதான் சொன்னார். ஓரங்களைப் பிரித்தோம். சஞ்சய் அவற்றைத் தொப்பி வாட்டத்துக்கு வெட்டிக் கொடுத்தார். ஆனால் ஜெசிந்தா தையலை எல்லாம் வெளிப்பக்கம் விட்டுத் தைத்தார்.

"பினிஷிங் கெட்டுப்போகுமேம்மா" என்றேன்.

"முடி இல்லாத தலை சார். தையல் உள்ள இருந்தா உறுத்தும். எங்க அக்காவுக்கும் இதே வைத்தியந்தான், அதனாலயே ஒண்ணும் கட்ட மாட்டா."

அப்படியே தைக்கச் சொன்னேன். நான்கு சாம்பிள் கூரியரில் போயின.

இரண்டு வாரம் கழித்து பையரின் கமென்ட் ஷீட் வந்தது. அளவு கொஞ்சம் பெரிது, குறைக்க வேண்டும். தையல் வெளியிலேயே இருக்கட்டும்.

அதன் பிறகு ஜாப் கார்டில் வெறும் பெயரை நான் எழுதியதில்லை. உடம்பில் எங்கே போடுவது, யார் போடுவது என்பதையும் எழுதி, வெட்டுகிறவரிடமும் தைக்கிறவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

அன்று அந்தக் கமென்ட் ஷீட்டை ஜெசிந்தாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அளவு கொறைக்கணும்னா அந்தப் பழசு நாலும் திரும்பி வருமா சார்? அக்காவுக்கு ஒண்ணு வேணும்."