கைய வெளிய நீட்டாதீங்கோ

நானும் என் கூட்டாளியும் சேர்ந்து பாட்டு எழுதுகிறோம். மெட்டு அவனுடையது, வரி என்னுடையது. அவனுக்குப் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டும் வேலை. மெட்டு உதித்ததும் படகில் இருந்தபடியே போனில் பாடி அனுப்புவான். வரி இன்னும் இல்லாததால் வாயில் வந்ததைப் போட்டு நிரப்புவான். அதற்கு எங்கள் பேச்சில் டம்மி என்று பெயர். அவன் வாயில் வேறு என்ன வரும்? பயணிகளிடம் நாள் முழுக்கச் சொல்வதுதான் வரும்.

எங்கள் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டு கேட்டார்கள். என் வரியை நாலு பேர் பாட வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! என் மனைவிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. "சர்ச்சுல பாடட்டு, அப்பம் நம்புதேன்," என்றாள்.

மெட்டு வந்துவிட்டது. நான்தான் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

"எலே, வரி எங்கலே?" என்றான் கூட்டாளி.

"நல்ல பாட்டு அவசரத்துல வராதுலே."

"செரி, அதுவரைக்கும் கொயர் டம்மிய வச்சுப் படிக்கட்டு. மெட்டு பதியணும்லா மக்கா."

பாடகர் குழுவினர் அப்படியே பாடிப் படித்தார்கள். நான் வரிகளைக் கொடுத்தது பண்டிகைக்கு முந்தின நாள்.

பண்டிகையன்று பல்லவியைத் தாளைப் பார்த்து ஒழுங்காகவே பாடினார்கள். 'விதைத்தவர் கையில் விளைச்சலைத் தந்தீர்.' முன் பெஞ்சிலிருந்து மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரணத்தில் வேகம் கூடியதும் தாளை விட்டுக் கண்ணை எடுத்தார்கள். பழகின நாக்கு பழகின வழிக்கே போனது. மிகுந்த பக்தியோடு, நாலு குரலில் பாடினார்கள்:

"லைஃப் ஜாக்கெட்டக் கெட்டுங்கோ, கைய வெளிய நீட்டாதீங்கோ!"

போதகர் கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே கை போட்டிருந்த ஒருவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டார். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இப்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுவதும் அந்த ஜாக்கெட்டைத்தான்.

"எனக்க வரி வீணாப் போச்சேலே," என்று கூட்டாளியிடம் புலம்பினேன்.

"ஒண்ணும் போவாது. நான் பாடுவேன் மக்கா."

சொன்னபடியே செய்தான். கிறிஸ்துமஸுக்குப் புது மெட்டு அனுப்பினான். மனைவியையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். 'விதைத்தவர் கையில்' தொடங்கி என் பாட்டை ஒரு சொல் விடாமல் புது மெட்டில் பாடியிருந்தான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவளும் சிரிக்காமல் கேட்டாள்.

பாடி முடித்துவிட்டு அவன் சொன்னான்:

"இது டம்மி ஆக்கும், கேட்டியா. நீ வேற நல்லதா ஒண்ணு எழுது."