பிள்ளையின் தலையில் வைத்த கை

அடி வாங்கி என் வீட்டுக்கு ஓடிவந்த ஒரு பெண்ணை, அடித்தவனிடமே நான் திருப்பி அனுப்பினேன். ஒரு பரீட்சைக்காக அனுப்பினேன்.

சொல்லிவிட்டேன்! இதற்குமேல் வாசிக்க மனமில்லையென்றால் மூடிவைத்துவிடுங்கள். "பாவம், அவளுடைய சூழ்நிலை அப்படி" என்று எனக்காக உருகுவதற்கென்று மட்டும் வாசிக்காதீர்கள். அந்த இரக்கம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு மாடிக் கட்டடத்தின் பதினான்காம் தளத்தில் குடியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஆசிரியையாக இருந்தவள், இங்கே ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளன் விரலைச் சொடுக்கித்தான் என்னைக் கூப்பிடுவான். என் பெயர் அவனுடைய வாயில் நுழையாதாம்!

அந்தச் சொடுக்கிலிருந்து தப்ப எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. குடும்ப வாழ்க்கைக் கல்வியாளர் என்று ஒரு தொழில் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பு, கணவன் மனைவி உறவு, கோபத்தை அடக்குவது எல்லாவற்றையும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். பரீட்சையில் தேறினால் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழோடு வந்தால் எங்கள் ஆட்களுக்கான வகுப்புகளை எனக்கே தருவதாக ஒரு சமூக நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். முதல்முறை எழுதித் தோற்றேன். இரண்டாம் முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

பரீட்சை சனிக்கிழமை. வசந்தி வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அவள் அதே கட்டடத்தில் ஒன்பதாம் தளத்தில் இருந்தாள். இருபத்தாறு வயது. என்னை "ரீச்சர் அக்கா" என்பாள். கதவைத் திறந்தபோது மூன்று வயது மகள் சிந்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காலில் செருப்பில்லை. இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது.

"அக்கா, நான் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டன். எங்கையாவது சேர்த்துவிடுங்கோ. அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கே சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! பெண்களுக்கான பாதுகாப்பு இல்லமொன்றின் தொலைபேசி எண்ணை என் குறிப்புப் புத்தகத்தில் நானே எழுதி, சிவப்பு மையால் கோடும் இழுத்திருந்தேன். அவள் உட்காருவதற்காகக் கதிரையிலிருந்து நான் எடுத்து ஓரத்தில் வைத்ததே அந்தப் புத்தகத்தைத்தான்.

அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

அவளை அங்கே கூட்டிப்போனால் ஆங்கிலம் பேச நான் வேண்டும். பொலிஸ் வந்தால் நான் வேண்டும். வைத்தியரிடம் போனாலும் நான்தான் வேண்டும். எனக்கு மிச்சமிருந்ததோ நாலு நாள்... இரண்டு அத்தியாயம் இன்னும் புரட்டவேயில்லை! பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் வழக்கம் எனக்குக் கைகொடுத்தது. உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். வீட்டை விட்டு வந்தவளை, மரியாதையான ஒருவர் கணவனைக் கூப்பிட்டு, நாலு வார்த்தை கண்டித்து, சத்தியம் வாங்கி, கூட அனுப்பிவைப்பது. குடும்பம் உடையாமல் காத்தவர் என்று ஊரில் அவருக்குப் பெயர் கிடைக்கும். வசந்தி முகம் கழுவப் போன நேரம், அவளுடைய கணவன் தேவன் வேலை செய்த உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் வந்தான். அவனைக் கண்டதும் வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்... வேண்டாம். நான் வகுப்பறைக் குரலை எடுத்தேன்.

"தம்பி, படிச்ச பெடியன் செய்யிற வேலையோ இது? இனிக் கை நீட்டமாட்டன் எண்டு பிள்ளையின்ர தலையில கைவைச்சுச் சத்தியம் பண்ணும்."

வசந்தி பதறிப்போனாள். "ஐயோ அக்கா, பிள்ளையில வேண்டாம்! வேற எதிலயாவது பண்ணட்டும்."

"பிள்ளையில பண்ணினாத்தான் பயம் இருக்கும்," என்றேன்.

அவன் சிந்துவின் தலையில் கையை வைத்தான். "இனி அடிக்கமாட்டன்" என்றான். வசந்தி என்னுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் போனாள். நான் கதவைப் பூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

சனிக்கிழமை கேள்வித்தாளின் கடைசிப் பகுதியில் ஒரு சம்பவம் கொடுத்திருந்தார்கள். கணவனிடம் அடிவாங்கிய பெண் ஒருத்தி உங்களிடம் வருகிறாள், என்ன செய்வீர்கள்?

எழுதினேன்! அவ்வளவு அழகான ஆங்கிலம் அதற்கு முன் என் கையிலிருந்து வந்ததில்லை. கணவனுக்கு அறிவிக்கக்கூடாது. இருவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசக்கூடாது. வாக்குறுதி வாங்கித் திருப்பி அனுப்பக்கூடாது. அவளுடைய பாதுகாப்பே முதல், முடிவு அவளுடையது... பேனா ஓரிடத்திலாவது நின்றதா என்று கேட்கிறீர்களா? இல்லை. வசந்தியின் கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. விடைக்கு உதவுமென்று, காயங்களை உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு மிகக்கூடிய புள்ளி கிடைத்தது அந்தப் பகுதிக்குத்தான்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். வசந்தியை லிஃப்டில் கண்டால் "சுகமோ?" என்பேன். "ஓம் அக்கா" என்பாள். பார், நம்முடைய வழக்கத்திலும் பலனிருக்கிறது என்று என்னையே நான் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

மூன்று வருடம் போனது. நான் நகரத்தின் கிழக்கே வோபர்ன் என்ற பகுதிக்குக் குடிவந்துவிட்டேன். அவர்களும் பிறகு அந்தப் பக்கமே வந்தார்கள். நான் வகுப்பு நடத்தும் நிலையத்துக்கு ஒருநாள் வசந்தி மகளோடு வந்து பின்வரிசையில் இருந்தாள். அன்றைய பாடம் வீட்டு வன்முறை. இந்த நாட்டுச் சட்டத்தையும் உதவி கிடைக்கும் இடங்களையும் கணீரென்று சொன்னேன். மற்றப் பெண்கள் எழுதிக்கொண்டார்கள். வசந்தி எழுதவில்லை.

வகுப்பு முடிந்து மகளுக்குக் குளிர்ச்சட்டை மாட்டும்போது வசந்தியின் சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே நாலு விரல்களின் கருநீலத் தடம். கிட்டப் போனேன்.

"வசந்தி... தேவன் இன்னும் அடிக்கிறானோ?"

அவள் சட்டென்று சிந்துவின் இரண்டு காதையும் பொத்தினாள். "இல்லை அக்கா. அவர் அடிக்கிறேல்லை."

"அப்ப இதென்ன?"

"அடிக்கிறேல்லை எண்டு சொல்லுறன் எல்லோ!" குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளையின்ர தலையில சத்தியம் பண்ணினவர். அதை மீறிப்போட்டார் எண்டு நான் என்ர வாயால சொல்லலாமோ? ஒருக்கா டொக்டரிட்டச் சொல்லிப்போட்டன். அந்தக் கிழமையே இவள் காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரியில கிடந்தவள். இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

புரிகிறதா உங்களுக்கு? செய்தவன் அந்தச் சத்தியத்தை எப்போதோ மறந்துவிட்டான். அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் அவள்! அடி வாங்குகிறாள், வாங்கவில்லை என்கிறாள். ஓடவேண்டாம் என்று அவளுடைய பயம் சொல்கிறது. அந்தப் பயத்தைச் செய்து கொடுத்தவள் நான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வசந்தி, அந்தச் சத்தியம் செல்லாது. உன்னை அனுப்பிவிட்டுப் படிக்கவேண்டுமென்று நான் அவசரத்தில் செய்வித்தது. காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை... இவ்வளவுதான். நான் சொன்னால் நம்புவாள். என் சொல்லை நம்பித்தானே கெட்டாள்!

பக்கத்தில் நிலையத்துப் பொறுப்பாளர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் தமிழர். வாயைத் திறந்தால் என் சான்றிதழ் போய்விடும், வகுப்பு போய்விடும், மறுபடி அந்த விரல் சொடுக்கு...

"சரி வசந்தி, பிள்ளைக்குக் குளிரப்போகுது," என்றேன். சிந்துவின் சட்டைக்கு நானே பொத்தான் போட்டுவிட்டேன்.

அது போன மாரிக் குளிரில் நடந்தது. இன்று உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னைத் திட்டுகிறீர்களோ மன்னிக்கிறீர்களோ, அதனால் அவளுடைய கையிலுள்ள தடம் மறையுமா? அவளிடம் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொன்னால் எனக்கு எதுவும் போகாது.

அவளுடைய வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நடந்தால் பத்து நிமிடம். நான் இன்னும் போகவில்லை.