குடும்பங்களுக்கு மட்டும்

கனடாக் குடியுரிமை உள்ள ஒரு பெண்ணோடு சில வருடங்களாக அஜ்மானில் வாழ்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆளுக்கொருமுறை அதைச் செய்து பார்த்து, விவாகரத்துத் தீர்ப்பை லேமினேட் செய்து வைத்திருப்பவர்கள் நாங்கள். அவள் கனடா திரும்ப முடிவெடுத்தாள். துணைவர் என்ற முறையில் என்னை ஸ்பான்சர் செய்வதற்கான விண்ணப்பத்தோடு இருவரும் உட்கார்ந்தோம்.

படிவத்தில் பழைய திருமணங்கள் சுலபமாக முடிந்தன. அடுத்த கேள்வி, திருமணமில்லாமல் ஒரு வருடமாவது யாரோடாவது தம்பதிபோல வாழ்ந்ததுண்டா என்றது.

"இல்லைன்னு போட்டுடட்டுங்களா?" என்றாள். கோயம்புத்தூர்க்காரி. சந்தேகம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

நான் யோசித்தேன். யோசித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

பல வருடங்களுக்கு முன் ஷார்ஜாவில், என் ஆபீஸில் வேலைபார்த்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நானும் ஒரு ஃபிளாட் எடுத்தோம். குடும்பங்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்த கட்டடம். எங்களைப் பார்த்ததும் வாட்ச்மேன் தானாக ஒரு முடிவுக்கு வந்தார், நாங்கள் மறுக்கவில்லை. அன்றைய அமீரகச் சட்டப்படி உண்மை தெரிந்தால் இருவரும் மூட்டை கட்டவேண்டியதுதான். அறை அவளுக்கு, ஹால் எனக்கு, நடுவில் திரைச்சீலை. சில மாதம் கழித்து அதைத் துவைக்கக் கழற்றினோம். திரும்ப மாட்டவில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடம் போல ஓடியது. பிறகு அவள் டொராண்டோ போய்விட்டாள். அந்த வாழ்க்கையை நான் எல்லோரிடமும் 'ஷேரிங்' என்றே சொல்லிவந்தேன், என்னிடமும்தான். இவளிடம் இப்போதுதான் முழுதாகச் சொன்னேன்.

"கிச்சன் ஷேரிங், சரி. திரைச்சீலையுமா ஷேரிங்?"

"தெரியலைன்னு ஒரு கட்டம் இருக்கா பாரேன்."

"இல்லீங்க. மறைச்சு மாட்டுனா அஞ்சு வருசத்துக்கு உங்களை உள்ளயே விடமாட்டாங்க. நான் அங்க, நீங்க இங்க. பரவால்லீங்களா? போனைப் போட்டு அவங்களையே கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். சுகம் விசாரித்து முடித்ததும் கேட்டேன்: "நாம அப்போ சேர்ந்து வாழ்ந்தோமா?"

டொராண்டோவிலிருந்து சிரிப்பு வந்தது.

"அது தெரியாமலோ இருந்தனீங்கள்? நான் என்ர மனுசனை இங்க கூப்பிடேக்க, முந்தின துணை எண்டு உங்களைத்தான் எழுதினனான். உங்கட பேர் அங்க ஃபைலில கிடக்குது. நீங்கள் இல்லையெண்டு எழுதினா, ரெண்டு பேரில ஒராள் பொய்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு, தனக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று கனடா அரசுக்குத் தெரிந்த பிறகுதான் தெரியவருகிறது. எனக்கு வெட்கத்தைவிட ஆவல்தான் மிஞ்சியது. அவள் என்ன எழுதியிருப்பாள்? நான் எப்படிப்பட்ட துணைவன்?

கேட்பதற்குள் என்னவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று இரண்டு பெண்களும் என் வாழ்க்கையைச் சரிபார்த்தார்கள். கண்ணாடிக் கதவு வழியே சிரிப்பு மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்து தட்டச்சு செய்தாள். பிரிந்த காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன்: அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார், இவர் வருவதாகச் சொல்லவில்லை, வரச்சொல்லி அவரும் கேட்கவில்லை.

"ஏதாச்சும் மாத்தணுங்களா?"

இரண்டாவது முறை படித்தேன். மாற்ற ஒன்றுமில்லை.

"இந்தத் தடவை நான் கேட்டிருக்கேன்," என்றாள்.

"வர்றேன்," என்றேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.