என் வீட்டுக்காரரும் ஜலதோஷமும்

இதை வெளியில் சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இன்றோடு அந்தச் சத்தியம் காலி. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் "அன்னைக்கு மைக்கைக் கெடுத்த ஆள் இவர்தான்" என்று அவரைக் கைகாட்டும்போது எத்தனை நாள்தான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது? எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அவருக்கு வேலை, அரங்கங்களில் ஒலி அமைப்பது. ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவராகச் சேர்ந்து, வயர் சுற்றி, சாலிடரில் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்காரும் இடத்துக்கு வந்தவர். காதுதான் அவருடைய சொத்து. எங்கள் வீட்டுக்குப் பிடித்த சனியனும் அதுதான். மின்விசிறி லேசாக உறுமினால் தூங்கமாட்டார். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போய் வாஷர் மாற்றிவிட்டு வருவார். அது சொட்டுவது அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரிந்திருக்காது. யாராவது சுருதி விலகிப் பாடினால் பல்லைக் கடிப்பார். அதோடு நின்றால் பரவாயில்லையே, கையும் மிக்சருக்குப் போய்விடும். பாடுகிறவர் குரலை இறக்கி வயலினை ஏற்றிவிடுவார். இந்தக் கையால்தான் இரண்டு அரங்கங்களில் அவர் சீட்டுக் கிழிந்தது.

நான் தைக்கிறவள். முன்னறையில் தையல் மிஷின், மிஷின் பக்கத்தில் ரேடியோ, ரேடியோவில் எந்நேரமும் அந்தப் பாடகர். ஊரே அவரை "அண்ணன்" என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன், அதில் எனக்கு என்ன வெட்கம்? என் வீட்டுக்காரர் அவருக்கு வைத்த பெயர் ஜலதோஷம்.

"மூக்கடைச்சவன் தண்ணி கேக்கிற மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்பார்.

"உங்களுக்கு ரசனை இல்ல. அதைச் சொல்லுங்க முதல்ல."

"சரி, எனக்கு இல்ல. உனக்கு இருக்கில்ல? அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு சொல்லேன், கேப்போம்."

கிண்டலாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தால், இல்லை. நிஜமாகவே கேட்பார். என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இந்தக் குரல்தான் எனக்குத் துணைக்கு இருந்தது என்றால், "அது உங்கம்மா கதை. பாட்டைப் பத்திச் சொல்லு" என்பார். கத்தரிக்கோலை விட்டெறியலாமா என்று இருக்கும்.

அப்படிப்பட்டவருடைய மூன்றாவது அரங்கத்துக்கு அந்த ஜலதோஷமே பாட வருவதாக ஏற்பாடானது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். இந்த ஊரில் அதை விட்டால் இவரைச் சேர்த்துக்கொள்ள வேறு அரங்கமும் கிடையாது. தலை நரைத்தவரை வெளியூரில் யார் கூப்பிடப்போகிறார்கள்?

"என்னங்க, என்ன பாடினாலும் பாடிட்டுப் போகட்டும். கையை மட்டும் வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"சரி, சரி."

இவருடைய "சரி"யை நம்பி எந்தக் கடையிலும் ஒரு ஊசிகூடத் தரமாட்டார்கள். சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் நானும் மத்தியானமே அரங்கத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கை நகர்ந்தால் பிடித்துவிடலாம் என்றுதான்.

மிக்சரில் ஏற்றி இறக்குகிற தள்ளுபொத்தான்கள் வரிசையாக இருக்கும். எது யாருடையது என்று தெரிவதற்காக அவற்றின் அடியில் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் எழுதிவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். வயலின், தபலா, கீபோர்டு என்று எழுதியிருந்தார். வாயில் பழகினதுதான் கையிலும் வரும் போலிருக்கிறது. நட்டநடுவில், பெரிய எழுத்தில், "ஜலதோஷம்" என்று இருந்தது.

நான் அதைப் பார்த்தபோது பாடகர் ஒத்திகையை முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் அவருடைய மேனேஜர், அவருக்கும் பின்னால் முதலாளி. சட்டென்று சாப்பாட்டுப் பையைத் தூக்கி அந்த எழுத்தின் மேல் வைத்தேன்.

"மிக்சர் மேல சாப்பாட்டை வைக்காதேன்னு எத்தனை தடவைதான் சொல்றது!" என்று என் வீட்டுக்காரர் பையைத் தூக்கித் தரையில் வைத்தார். மனுஷனா இவர்!

பாடகர் குனிந்து படித்தார். "இது யாரு?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். இவர், "நீங்கதான்" என்றார்.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் பாடகர், "நீங்க ரெண்டு பேரும் போய் டீ சொல்லுங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பார்த்தபோது மனிதர் ரொம்பக் களைத்திருந்தார்.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க."

"எப்பவும் இருக்கிற மூக்கடைப்பு உங்க குரல்வாகு. அதை விடுங்க. இன்னிக்கு மேல போறப்ப ரெண்டாப் பிரியுது. நடுவுல வெறும் காத்துக் கேக்குது. உடம்பு சரியில்லையா?"

பாடகர் முதலாளி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தொண்டையில ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொல்றார். மேனேஜரைத் தவிர யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் கூட வாசிக்கிறாங்க, பாட்டைக் கேட்டு ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல. எல்லாருக்கும் பிரமாதம்."

"அப்ப பாடாதீங்க."

"ஜனம் டிக்கெட் வாங்கிட்டுதே. பாட ஆரம்பிச்சா எனக்கு வலி தெரியாது. கூட்டம் இழுத்துக்கிட்டுப் போயிடும். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. கிழியப்போகுதுன்னு தோணினா மைக்கை மூடிடுங்க, நான் புரிஞ்சுக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசினாலும் குரல் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"என்கிட்ட எதுக்குங்க இந்தப் பொறுப்பு?"

"உங்களுக்குத்தான் என் பாட்டு பிடிக்காதே. நீங்கதான் ஒழுங்காக் கேப்பீங்க."

எந்தக் கை நகரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டு வந்தேனோ, அந்தக் கையிடமே அவர் தன் தொண்டையை ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்கு யாருக்காகப் பயப்படுவது என்றே தெரியவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. எந்தப் பாட்டுக்கும் நான் மேடையைப் பார்க்கவில்லை, இவர் கையைத்தான் பார்த்தேன். பொத்தானைத் தொட்டும் தொடாமலும் விரல் இருந்தது. நெற்றியில் வியர்வை. கடைசியில் என்னுடைய பாட்டு வந்தது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் கேட்ட பாட்டு. கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் காதுக்கு ஒரு குறையும் கேட்கவில்லை. கண்ணீர்தான் வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் மேலே ஏறியது. இவர் பொத்தானைச் சரக்கென்று கீழே இழுத்துவிட்டார்.

மேடையில் வாய் மட்டும் அசைந்தது. தபலா இன்னும் கொஞ்சம் ஓடி நின்றது. பாடகர் எங்கள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக வாயை மூடிக்கொண்டார்.

"மைக்! மைக்!" என்று கத்தினார்கள். அப்புறம், "யாருடா அது? வெளியே இழுங்கடா அந்த ஆளை!" தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு கும்பல் எங்களை நோக்கி வந்தது. மேடையில் பாடகர் பதறிப்போய் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள், நான்தான் மூடச் சொன்னேன் என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருப்பார்? ஒரு வார்த்தை வெளியே கேட்டிருந்தால் போதும்.

"தொறந்து விடுங்க! உங்க மேல தப்பில்லேன்னுதான் அவர் சொல்றார்! தொறங்க!"

"தொறந்தா பேசிக்கிட்டே இருப்பார். பேசினா குரல் போயிடும்."

"போனாப் போகட்டும்! உங்களை அடிச்சே கொன்னுடுவாங்க!"

ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒரு பாட்டில் இவர் புருவத்தில் பட்டு ரத்தம் வழிந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாட்டாவது, பாடகராவது! கையை நீட்டிப் பொத்தானை மேலே தள்ளப்போனேன். இவர் ஒரு உள்ளங்கையால் அதை அப்படியே மூடிக்கொண்டார். என் நகம் பட்டுக் கீறியும் எடுக்கவில்லை. மறுகையின் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாடகர் பேச்சை நிறுத்தினார். மேனேஜர் வந்து அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

காவலாளிகள் வந்து எங்களை மீட்டுப் பின்னறையில் அடைத்தார்கள். முதலாளி கதவைத் திறந்து, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். அப்புறம் மேனேஜர் வந்தார். தொண்டை விஷயம் வெளியில் தெரிந்தால் பாடகரின் பிழைப்பே போய்விடும், ஒலிக்கோளாறு என்றே இருக்கட்டும் என்று கெஞ்சினார். இவர் தலையாட்டியதோடு என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டார்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து மிக்சிகளைப் பழுது பார்க்கிறார். பாடகருக்கு ஆபரேஷன் நடந்து, பல மாதம் பேசாமல் இருந்து, குரல் திரும்பிவிட்டது. தன் குழுவோடேயே வந்துவிடும்படி இவருக்கு ஆள் அனுப்பினார். "மன்னிச்சுக்கோங்க. தினம் தினம் அதைக் கேக்க என்னால ஆகாது" என்று இந்தப் புண்ணியவான் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் இவரோடு பேசவேயில்லை.

போன வாரம் ரேடியோவில் புதுப் பாட்டு வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு முழுப்பாட்டையும் கேட்டேன். அதே குரல்தான். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவர் தரையில் உட்கார்ந்து யாருடைய மிக்சியையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த ஆள் பாட்டுல என்ன இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குப் புரியல. அப்புறம் எதுக்குங்க வேலையைத் தொலைச்சு, அடியும் வாங்கி, அந்தக் குரலைக் காப்பாத்தினீங்க?"

இவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எனக்குப் புரியலைன்னா என்ன? நீ கேக்கணுமில்ல" என்றார்.