தும்புத்தடி கட்டிய வலை

வள்ளத்தில் கால் வைத்தாலே எனக்கு வாந்தி வரும். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு இது பெரிய மானக்கேடு. சின்ன வயதில் என் தங்கை இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவாள். அதனால் மேல்மாடியில் குடியிருக்கும் நானா சமன் மீன் பிடிக்க வரச்சொல்லிக் கேட்டபோது, நல்ல சாட்டு ஒன்று கைவசம் இருந்தது.

"நானா, நான் வள்ளத்திலை ஏறமாட்டன்."

"ஆர் வள்ளம் வச்சிருக்கிறான்? நாங்கள் கரையிலை நிண்டுதான் தம்பி பிடிக்கப்போறம்."

சாட்டு போய்விட்டது. உண்மையான காரணம் வீட்டுப் போன். அதை நானாவும் அறிவார்.

போர் முடிந்த ஆண்டு அது. தங்கையும் அவளுடைய மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கடைசியாக அவள் பேசியபோது நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் எல்லாம் முடிந்தது என்றார்கள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. முகாமில் இருக்கிறாளா, உயிரோடுதான் இருக்கிறாளா என்பதே தெரியாது. அவளுக்கு மனப்பாடமான ஒரே இலக்கம் எங்கள் வீட்டுப் போனின் இலக்கம்தான். ஆகவே வெக்ஸ்போர்ட்டில் இருந்த எங்கள் வீட்டை நாங்கள் ஒரு நிமிடமும் தனியே விடவில்லை. மனைவி காலை வேலைக்குப் போவாள், அவள் திரும்பிய பிறகு நான் பின்னேர வேலைக்குப் போவேன். கோயிலுக்குக்கூட ஒன்றாகப் போனதில்லை.

வருகிற அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடலாம் என்று மனைவி சொன்னாள். செய்தும் பார்த்தோம். சோதித்தபோது பாதியில் கட்டாகிப் போனது. எனக்கு வந்த கோபத்தில் அதை எடுத்துவிட்டேன். செய்தி பதிகிற மெஷினையும் பிடுங்கி அலுமாரிக்குள் போட்டேன். யாரோ இரவல் கொடுக்கும் போனில் அவள் பேசக்கூடிய ஒரு நிமிடத்தை மெஷின் தின்ன நான் விடமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றோடும் சண்டை பிடித்தேன்.

நானா குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர், யாழ்ப்பாணத்து முஸ்லிம்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். அங்கிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது மனைவியோடு ஒரு பையுடன் வெளியேறியவர். துரத்தியவர்கள் என் சனத்தின் பேரில் சண்டை பிடித்த ஆட்கள் என்பதை அவர் ஒருநாளும் என்னிடம் எடுத்ததில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு தொழுகையிலும் என் தங்கைக்காகக் கேட்கிறார் என்று அவருடைய மனைவி ஒருமுறை வாய் தவறிச் சொன்னா.

ஆகஸ்ட் கடைசி, நோன்பு மாதம். நோன்பு திறந்த கையோடு இறங்கி வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் தூண்டில் சாமான்களைப் பரப்புவார். சமன் என்றால் எனக்குத் தெரிந்தது ரின்னில் அடைத்து வருவது மட்டும். அது வெயில் காலத்தில் இங்குள்ள பெரிய ஏரியின் குளிர்ந்த ஆழத்தில் கிடக்குமாம். பெரிய வள்ளக்காரர் இரும்புக் குண்டைக் கம்பியில் கட்டி, எந்திரத்தால் இறக்கி, அந்த ஆழத்தில் தூண்டிலை ஓட்டுவார்களாம்.

"எங்களிட்டை அந்தச் சாமான் ஒண்டும் இல்லை. அதுக்கென்ன? செப்டம்பர் பிறக்க, முட்டை போட ஆத்துக்கு ஏறவெண்டு உதுகளே கரைக்கு வரும். ஒஷாவா துறைமுகச் சுவரிலை நிண்டு எறிஞ்சால் காணும். விடியக்காலமை நிக்கவேணும், அவ்வளவுதான்."

இந்த ஞானம் அவருக்குச் சும்மா வரவில்லை. இரண்டு வருடமாக அந்தச் சுவரடிக் கல்லுகளுக்குத் தூண்டில்களைத் தானம் செய்திருக்கிறார். போன வருடம் ஒரு சமன் சுவர்வரை வந்தும், கைவலையின் பிடி கட்டையாக இருந்ததால் தண்ணீருக்கு எட்டவில்லை. மீன் தூண்டிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பரிகாரமாக வீடு கூட்டும் எங்கள் குசினித் தும்புத்தடியைக் கேட்டார். தலையைக் கழற்றி, தடியை வலைப்பிடியோடு வைத்துச் சுற்றி ஒட்டினார்.

"திரும்பி வரேக்கை கவிச்சி மணக்கப்போகுது" என்றாள் மனைவி. ஆனால் சிரித்தாள். அவள் சிரித்து நான் கனநாள் கண்டதில்லை.

கூலரும் வாங்கிவிட்டார். மீனுக்கு முன்னம் கூலரா என்று நக்கல் அடித்தேன். லைசென்ஸ் எடு என்றார், எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், போகிற எண்ணம் மட்டும் இருக்கவில்லை. என் தங்கை எந்த முட்கம்பிக்குள் கிடக்கிறாளோ, நான் மீன் பிடிக்கப் போகிறதா? அவள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள்?

அந்தக் கிழமை நானாவின் மனைவி நோன்புக் கஞ்சியோடு வந்தா. அவவை நாங்கள் அக்கா என்போம்.

"தம்பி, சனிக்கிழமை நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. உங்கடை போனுக்குப் பக்கத்திலை நான் இருக்கிறன். நோன்போடை எனக்கு வேறை என்ன வேலை? இஞ்சை இருந்து ஓதுறன்."

நான் வாய் திறக்க முன்னம் அடுத்ததையும் கேட்டா.

"தங்கச்சி எடுத்தால் நான் என்ன கேக்கவேணும்?"

இத்தனை மாதமும் போனை எடுப்பதைப் பற்றியே யோசித்தவன், எடுத்த பிறகு என்ன கேட்பது என்று யோசிக்கவே இல்லை. மனைவிதான் சொன்னாள்: எங்கே நிற்கிறாள், மகள் கூட இருக்கிறாளா, எந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுப்பது.

சனி விடியற்காலை, நானா நோன்பு பிடிக்கச் சாப்பிட்டதும் வெளிக்கிட்டோம். அக்கா தொழுகைப் பாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. வழி முழுக்க நான் கைபேசியைக் கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தேன். மனைவி கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை வாங்கினாள். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வெளியே போனது அன்றுதான்.

சுவரில் எங்களைப் போல இன்னும் கொஞ்சப் பேர் நின்றார்கள். மினுங்குகிற தகட்டுத் தூண்டிலை எறிந்து எறிந்து இழுத்தோம். என்னுடையது கல்லில் சிக்கி அறுந்தது. மற்றதும் அறுந்தது. வெயில் ஏறியது. போவோம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, என் தூண்டில் தடி வில்லாக வளைந்தது. நூல் சீறிக்கொண்டு ஓடியது.

"விடாதை தம்பி! ஓட விடு!" என்று ஒன்றுக்கொன்று எதிரானதை ஒரே மூச்சில் கத்தினார் நானா.

அப்போதுதான் என் சட்டைப்பையில் போன் அடித்தது.

தடியை மனைவியின் கையில் திணித்தேன். எடுத்தால் அக்கா அழுகிறா. சுவரில் குந்திவிட்டேன்.

"தம்பி, தங்கச்சி எடுத்தவ. இருக்கிறா. வவுனியா முகாமிலையாம். பிள்ளையும் கூட இருக்கு."

நான் பெரிய சத்தமாக அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் மீன் தப்பிவிட்டதாக்கும் என்று தோளில் தட்டினார். மீன் தப்பவில்லை. மனைவி அழுதழுது நூலைச் சுற்றினாள், நானா சுவரில் வயிறு பட மல்லாடித் தும்புத்தடி வலையை இறக்கினார். வலை எட்டியது.

அன்று பின்னேரம் எங்கள் குசினியில் சமன் குழம்பு கொதித்தது. அக்கா கதிரையில் இருந்தபடி நடந்ததைச் சொன்னா. வேறு குரல் கேட்டதும் தங்கை பிழையான இலக்கம் என்று வைக்கப் பார்த்தாளாம். "வச்சிடாதை பிள்ளை, இது அண்ணையின்ரை வீடுதான்" என்று அக்கா கத்தினாவாம். மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்தாவாம். போன் இரவலாம், திருப்பி எடுக்க இலக்கம் இல்லையாம். அண்ணை எங்கே என்று அவள் கேட்டபோது மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லையாம்.

"மீன் பிடிக்கப் போட்டார் எண்டு சொல்லிப்போட்டன் தம்பி."

அதற்கு அவள் என்ன சொன்னவள் என்று கேட்டேன்.

"சிரிச்சவ. 'அண்ணையோ? வள்ளத்திலையோ?' எண்டு கேட்டுச் சிரிச்சவ. பிறகு, 'அப்ப அவை நல்லா இருக்கினம். நான் அவையை நினைச்சுத்தான் பயந்துகொண்டு இருந்தனான்' எண்டவ."

இன்னொருக்கால் சொல்லுங்கோ அக்கா என்றேன். சொன்னா. எப்படிச் சிரித்தவள் என்று கேட்டேன், அதையும் சொன்னா. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வாயால், நான் கேட்கக் கேட்க, அக்கா என் தங்கையைப் போலவே சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தா.