ஐந்து சீட்டுகளும் விடுபட்ட ஒரு கல்லூரியும்

சென்ற ஆண்டு ஜூன் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் மகள் பெனிட்டா என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. 'அப்பா' என்ற சொல் வரவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள் அவளுக்கு முதல் ஆடிஷன்.

அந்தக் குரல் போனதற்குக் காரணம் நான். அதை மறைக்காமல் சொன்னால்தான் ஆண்டவர் எங்களுக்குச் செய்த நன்மை உங்களுக்கு விளங்கும்.

நான் தென்காசியில் நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இங்கே சொல்லும் நாளும் நேரமும் அதில் உள்ளவை. பெனிட்டா எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் பாட்டு நாடகங்களில் ஏழு வயதிலிருந்து நடித்தவள். பிளஸ் டூ முடித்ததும், பாட்டும் நடிப்பும் ஆட்டமும் சேர்ந்த இசை நாடகத்தைத்தான் கல்லூரியில் படிப்பேன் என்றாள். இந்தப் படிப்புக்கு மார்க் மட்டும் போதாது. நேரில் போய்ப் பாடி நடித்துக் காட்ட வேண்டும்.

நான் நோட்டில் கட்டம் போட்டேன். தூரம், விடுதி, பக்கத்தில் ஆலயம், ஆடிஷன் நாள், பாட வேண்டிய பாட்டுகள். கடைசியில் ஆறு கல்லூரிகள் நின்றன. ஐந்தில் பாட்டுதான் முக்கியம். நின்ற இடத்தில் நின்று பாடினால் போதும். ஆறாவது பெங்களூரில் இருந்தது. அது ஒன்றுதான் முழுமையான இசை நாடகப் படிப்பு. அவள் மனசு அதில்தான் இருந்தது. எனக்கோ அந்தப் பெயரைப் பார்த்தாலே கலக்கம்.

சுரண்டையிலிருந்து வந்த என் மனைவியின் அண்ணன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, புள்ளைய நாடகக்காரி ஆக்கப் போறியளோ? அதுக்கு இம்புட்டு கட்டம் வேற போட்டிருக்கிய!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தங்கிவிட்டது.

வீட்டில் பாடிப் பழகினால் தெருவுக்கே கேட்கும். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருந்தது. விடிந்ததும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், அருவி இரைகிற பாறைப் பக்கம் நிறுத்தினேன். அங்கே பாடினால் யாருக்கும் கேட்காது, இரைச்சலை மீறிப் பாடினால் குரலும் உரமேறும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆறு கல்லூரிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு பாட்டு.

"அப்பா, நான் பாடுதது எனக்கே கேக்கல."

"இன்னும் கொஞ்சம் எடுத்துப் பாடு பிள்ள."

இப்படி ஒன்பது நாள் பாடவைத்தேன். பத்தாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

திருநெல்வேலியில் ஒரு பெண் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. "அருவிகூட யாராவது போட்டி போடுவாவளா சார்?" என்று அந்த அம்மா கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். பதினான்கு நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. வீக்கம் வடிந்தால் ஒரே ஓர் ஆடிஷனில் ஒரே ஒரு பாட்டு பாடலாம். வடியாவிட்டால் இந்த வருடம் எதுவும் இல்லை.

திரும்பி வரும் பஸ் பாவூர்சத்திரம் தாண்டும்போது பெனிட்டா தன் கையை என் கைமேல் வைத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கையைத் தாங்க முடியவில்லை.

ஆறில் எந்த ஒன்றுக்குப் போவது? எங்கள் வீட்டில் பெரிய காரியம் என்றால் சீட்டு எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபித்து, ஒன்றை எடுப்போம். மூன்றாம் நாள் மாலை குடும்ப ஜெபத்தில் அப்படியே செய்தோம். சீட்டுகளை எழுதியது நான். "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று ஜெபித்ததும் நான். என் மனைவி கிரேஸ் எடுத்தாள். மதுரைக் கல்லூரி. "ஸ்தோத்திரம்" என்று மூச்சு விட்டேன்.

பெனிட்டா வேதாகமத்தை இழுத்தாள். மீதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தாள். நான்கு. பிறகு தன் நோட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாள்: "பெங்களூர் எங்கப்பா?"

"விட்டுப்போயிருக்கும்டி" என்று தொடங்கிய கிரேஸ் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்ல. தேங்காய கூட நாலு தட்டு தட்டாம வாங்க மாட்டாரு இவரு. ஏங்க, ஆண்டவருகிட்டயே இப்படியா செஞ்சிய?"

மகள் நடிக்கக் கூடாது என்று பயந்த நான்தான் இத்தனை நாளும் நடித்துக்கொண்டிருந்தேன். தேவனிடம் கேட்பதுபோல என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, பிள்ளைக்குக் குரலைத் தாரும். அவள் எங்கே போனாலும் அங்கே நீர் இருக்கிறீர் என்று நம்ப எனக்குப் பெலன் தாரும்."

மறுபடி சீட்டுப் போடவில்லை. "எங்க போகணும்னு நீயே எழுது பிள்ள" என்றேன். எழுதினாள். மற்ற ஐந்தையும் நோட்டில் நானே அடித்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். கிரேஸ் உபவாசம் இருந்தாள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபித்தார்கள். பெனிட்டா கையாலும் முகத்தாலுமே குழம்பு கேட்டாள், சண்டை போட்டாள், என்னைத் திட்டினாள். சில வேளை சிரிப்பை அடக்க முடியாமல் கிரேஸ் அடுப்படிக்கு ஓடினாள்.

பதினைந்தாம் நாள் மருத்துவர் மறுபடி பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது. "ஏதாவது பேசும்மா" என்றார். பெனிட்டா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, பசிக்கி."

அந்த அறையிலேயே அழுதேன். வெட்கமாக இல்லை.

ஆடிஷன் அன்று பெங்களூரில் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டு முழுதாகக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குரல் போய்விட்டது என்று நினைத்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். திடீரென்று உள்ளே பெரிய சிரிப்பு.

வெளியே வந்தவள் சொன்னாள்: "ரெண்டாவது பாட்டு கேட்டாங்கப்பா. டாக்டர் ஒண்ணுதான் பாடச் சொல்லியிருக்காங்கன்னேன். அப்போ வேற ஏதாவது செஞ்சு காட்டுன்னாங்க. பேசாமலே ஒரு சீன் நடிச்சேன்."

"என்ன சீன்?"

"நீங்க சீட்டு போட்டது."

ஆடிஷன் முடிந்து ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, இடம் கிடைத்த செய்தி வந்தது. நான் கெடுத்துவைத்த பதினான்கு நாளையும் ஆண்டவர் வீணாக்கவில்லை. அந்த நாட்களில் பேசாமல் நடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

இப்போது அவள் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடுகிறாள். தெரு கேட்கட்டும். பிரியமானவர்களே, உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கலாம். பயந்துபோய் எழுதாமல் விட்ட பெயரையும் அவர் முன் வையுங்கள். அந்தப் பெயரைக் கண்டு அவர் கலங்குகிறவர் அல்ல.

வருகிற கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையின் பாட்டு நாடகத்தை அவள்தான் நடத்துகிறாள். எனக்கும் ஒரு வேடம் உண்டு. சத்திரக்காரன். மரியாளும் யோசேப்பும் வந்து கேட்கும்போது, இடம் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். "எனக்கு ஏன்ட்டி இந்த வேடம்?" என்று போனில் கேட்டேன்.

"உங்களுக்கு நல்லா வரும்ப்பா" என்றாள்.

சுரண்டை மச்சானும் வருகிறார். நீங்களும் வாருங்கள்.