போளி ஃபைலில் காணாமல் போன பக்கங்கள்

போர்ட்ஃபோலியோ என்ற சொல் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. வந்த வேகத்தில் அதைப் 'போளி ஃபைல்' ஆக்கிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் போளி தின்னாத பிள்ளை உண்டா? நானும் திருத்தவில்லை. தின்கிற பெயர் என்றால் ஆசையோடு எடுப்பார்களே!

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் டிவிஷன் என்னுடையது. பிள்ளைகள் எழுதியது, வரைந்தது, தப்பும் தவறுமாகக் கிறுக்கியது எல்லாம் அந்த ஃபைலில் சேரும். ஜூனில் எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி என்று புரட்டினாலே தெரிந்துவிடும். மார்க்கைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஒரு பெண் ஜூனில் தன் பெயரையே பாதி மலையாள எழுத்தில் எழுதினாள். இப்போது கதையே எழுதுகிறாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். அம்மாவுக்குத் துணிக்கடையில் வேலை. பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இவளுக்குத் தமிழ் ஏறல, மலையாளம் டிவிஷனுக்கு மாத்தணும்னு அவ அப்பா ஒத்தக்கால்ல நிக்காரு டீச்சர். ஃபைலைக் காட்டித்தான் அவரு வாயை அடைக்கணும்."

"தாராளமா அடைக்கலாம்" என்றேன் தெம்பாக. அன்றே வகுப்பில், "உங்க விருத்தி தெரியுத பேப்பரா நீங்களே எடுத்து அடுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தன்று அந்த அம்மா பிள்ளையோடு வந்து ஃபைலைத் திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம் பூ பார்டர், கீழே பலகையைப் பார்த்து எழுதிய பாட்டு. ஜூனில் பெயர் எழுதிய தாள் இல்லை. கதைகளில் ஒன்றுகூட இல்லை.

"எல்லாம் பாத்து எழுதினதுல்லா டீச்சர்? இதுல அவருகிட்ட எதைக் காட்ட?" அவள் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்கு வந்ததே கோபம்! "மிச்சப் பேப்பரெல்லாம் எங்க பிள்ளே?"

"களஞ்சு டீச்சர்."

குப்பைக் கூடையில் எறிந்துவிட்டாளாம். எதுக்கு என்று கத்தினேன். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"டீச்சரல்லே சொன்னது, விருத்தியுள்ளதை வைக்கணும்னு? அதுக்கு ஒரு விருத்தியும் இல்ல. எல்லாம் அழுக்கு. அழிச்சு அழிச்சு ஓட்டையாயிப் போச்சு."

அட கடவுளே! என் நாகர்கோவில் தமிழில் விருத்தி என்றால் வளர்ச்சி. அவள் காதில் விழுந்தது மலையாள விருத்தி. அதற்குச் சுத்தம் என்று அர்த்தம். வளர்ச்சியைத் தேடு என்று சொன்னால், பிள்ளை ஃபைலையே பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். கோபம் போன இடம் தெரியாமல் சிரித்துவிட்டேன். அவள் அம்மாவும் சிரித்தாள், ஆனால் சட்டென்று அடங்கிப்போனாள்.

"சிரிச்சு என்ன செய்ய டீச்சர்? அந்த மனுசன் கேட்பாரே."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பிள்ளையின் முன்னால் வைத்தேன். "இப்ப இங்க நடந்ததை எழுது. பாத்து எழுத ஒண்ணும் கிடையாது."

நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். அம்மா தாளை வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'டீச்சர் ஒரு விருத்தி சொன்னாங்க. நான் வேற விருத்தி நினைச்சேன். என் கதை எல்லாம் குப்பைக்குப் போச்சு. டீச்சர் முதல்ல திட்டினாங்க. பின்னே சிறிச்சாங்க.'

'ரி'க்குப் பதில் 'றி' போட்டிருந்தாள். இன்னோரிடத்தில் மலையாள எழுத்து விழுந்திருந்தது. அதைத் தானே கண்டுபிடித்து, வெட்டி, மேலே தமிழில் எழுதியிருந்தாள். எனக்கு அவளை அப்படியே தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல் இருந்தது. அம்மா மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள், இந்தத் தடவை தடுமாறாமல்.

அதற்குள் பிள்ளை ரப்பரை எடுத்துக்கொண்டு வெட்டிய இடத்தில் குனிந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காத மோளே. அப்பா இதை இப்படியே பாக்கட்டும்."